கம்பிக்கு ஏற்ற கறி: காவிரிப் படுகையில் சுழல்கம்பிச் சமையல்

கேஸ் கிரில்லில் சுழல்கம்பி பூட்டி முதன்முறையாகக் கறி சுடப்போகிறவருக்கு அடுப்பைவிடக் கறியைத் தேர்வதே கடினம். காவிரிப் படுகையில் அது இன்னும் சற்றுக் கடினம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கறிக்கடைகள் எல்லாம் குழம்புக்காக நடப்பவை. ஆட்டை எலும்போடு சிறு துண்டுகளாகப் போடுவார்கள். கோழியைத் தோலை உரித்து வெட்டித் தருவார்கள். கறி சற்று முத்தலாக இருந்தால் வீட்டில் குக்கர் கூடுதலாக இரண்டு விசில் அடிக்கும். இந்த ஊரில் உயர்வாக மதிக்கப்படும் நாட்டுக்கோழியும் வெள்ளாட்டுக்கறியும் சுழல்கம்பியில் ஏறியதும் மதிப்பிழக்கின்றன. குழம்புக்காரர்கள் ஏளனமாகப் பார்க்கும் தோலோடு கூடிய பிராய்லரும், கொழுப்பேறிய செம்மறியும் அங்கே முன்னுக்கு வருகின்றன. கம்பி கறியை நடத்தும் விதம் அப்படி.

சுழலும் கறியின் எந்தப் பக்கமும் தொடர்ந்து தீயைப் பார்ப்பதில்லை. சில நொடி சூடேறும், பிறகு திரும்பிச் சற்று ஆறும். அதனால் மேற்புறம் கருகுவதற்குள் உள்ளே மெதுவாகச் சூடு இறங்குகிறது. உருகும் கொழுப்பும் உடனே கீழே சொட்டிவிடாமல் கறியின் மேலேயே உருண்டு ஓடி அதை நனைக்கிறது. கொழுப்பு இருந்தால்தான் இந்த நன்மை. கொழுப்பில்லாத கறி எத்தனை சுற்று சுற்றினாலும் காய்ந்துதான் போகும். குழம்பில் கொதிக்கும் முத்தல் கறியின் இணைப்புத் திசு, அதாவது கொலாஜன், ஈரத்தோடும் நீண்ட நேரத்தோடும் கரைந்து கூழாகிறது. கம்பியில் அந்த ஈரமும் கிடையாது, நேரமும் கிடையாது. ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் இருந்தால்தான் முதிர்ந்த கொலாஜன் இளகும். ஆகவே பிராணியின் வயது, கொழுப்பு, உருவம், எடை ஆகிய நான்கும்தான் இங்கே அளவுகோல். இனம், மேய்ச்சல், ருசி பற்றிய ஊர்ப்பேச்சு எல்லாம் அதற்குப் பிறகே.

கேஸ் அடுப்புக்கு மட்டும் உரிய ஒரு செய்தியும் உண்டு. எல்.பி.ஜி. எரியும்போது வெப்பத்தோடு நீராவியும் உண்டாகிறது. கரி அடுப்பின் காற்றைவிடக் கேஸ் கிரில்லின் காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தோலோடு கம்பியேறும் கோழி முறுகாமல் ரப்பர் போல ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். கறியைத் துணியால் ஒற்றி எடுத்து, மூடாமல் சில மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துத் தோலை உலரவிடுவது கேஸில் சுடுகிறவர் தவிர்க்கக் கூடாத வேலை.

கம்பியில் கோத்துச் சுடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை, முடத்தாமக்கண்ணியார் கரிகால் சோழனைப் பாடியது. அதில் மன்னன் வீட்டு விருந்தில் இரண்டு வகை இறைச்சி வருகிறது. அறுகம்புல் தின்று வளர்ந்த செம்மறியின் பருத்த தொடை வேகவைத்துப் பரிமாறப்படுகிறது. கொழுத்த ஊனின் துண்டங்கள் கம்பியில் கோத்துச் சுடப்படுகின்றன. விருந்தாளிகள் அந்தச் சூடான துண்டுகளை வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஆற்றித் தின்றார்களாம். கெட்டித் தசையுள்ள தொடை பானைக்கும், கொழுப்புள்ள துண்டு நெருப்புக்கும் போனது தற்செயலாக இருக்காது. சோழ நாட்டுச் சமையல்காரர்களுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்திலும் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி வகைகள் உண்டு.

ஆனால் இவை துண்டங்கள். முழுப் பிராணியையோ பெரிய தொடையையோ ஒரே கம்பியில் ஏற்றி ஓயாமல் சுழற்றும் பழக்கம் மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் ஓங்கி வளர்ந்தது. இங்கிலாந்தின் பெரிய சமையலறைகளில் கம்பியைச் சுழற்றச் சக்கரத்துக்குள் ஓடும் குட்டை நாய்களையே வளர்த்திருக்கிறார்கள். இன்றைய சிறு மோட்டார் அந்த நாயின் வாரிசு. துருக்கியில் கம்பி செங்குத்தாக நிமிர்ந்து டோனர் ஆனது. அரபு நாடுகளில் அதுவே ஷவர்மா. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை போல வளைகுடாவோடும் சிங்கப்பூர், மலேசியாவோடும் தலைமுறைத் தொடர்புள்ள ஊர்களுக்கு இந்தச் சுவை கடல்வழி வந்த பழக்கம். இன்று படுகையின் எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவிலும் மாலை ஆறு மணிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் வரிசையாகச் சுழல்கின்றன.

அந்தக் கிரில் சிக்கன் பெட்டிதான் முதன்முறையாகச் சுடுகிறவருக்கு அருகில் கிடைக்கும் பாடப்புத்தகம். அதுவும் கேஸில் இயங்கும் சுழல்கம்பியே. பின்புறம் பர்னர், முன்புறம் கண்ணாடி, நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பிகள். மேல்கம்பிக் கோழியின் கொழுப்பு கீழ்க்கம்பிக் கோழிமேல் வழியும். கடைக்காரர் எந்தக் கோழியை எடுக்கிறார் என்று பார்த்தால் போதும்: பிராய்லர், தோலோடு, சிறியது, எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. தந்தூரிக்குத் தோலை உரிக்கும் அதே கடை, கிரில்லுக்கு உரிப்பதில்லை. தொடையில் ஆழமாக இரண்டு கீறல் போடுவதும் அலங்காரத்துக்காக அல்ல. நெஞ்சுக்கறியைவிடத் தொடை வேக நேரமாகும், கீறல் வழியே சூடு சீக்கிரம் உள்ளே போகும்.

வீட்டில் சுடுவதற்கும் முதல் தேர்வு பிராய்லர் கோழியே. பல்லடம் வட்டாரம் தமிழகக் கறிக்கோழி வளர்ப்பின் மையம்; ஆறு வாரத்துக்குள் சுமார் 2 கிலோ உயிர் எடைக்கு வந்துவிடும் கோழி இது. அந்த அவசர வளர்ச்சியைக் குறைசொல்ல நியாயமான காரணங்கள் உண்டு. கம்பிக்கோ அதுவே அனுகூலம்: இளம் வயது, மென்மையான திசு, தோலுக்கடியில் போதிய கொழுப்பு, உருண்டையான உடம்பு. சுத்தம் செய்தபின் ஒரு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை நிற்கும் கோழி தொடக்கக்காரருக்கு உகந்தது. மூடிய கிரில்லில் 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது வெந்துவிடும். ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் நெஞ்சு காய்ந்த பிறகுதான் தொடை வேகும்.

கடையில் சொல்லும் சொல்லில் கவனம் வேண்டும். ‘முழுக்கோழி’ என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் தோலுரித்த முழுக்கோழிதான் வரும். ‘தோலோடு, வெட்டாமல், வயிறு மட்டும் சுத்தம் செய்து’ என்று முன்பே சொல்லிவிட வேண்டும். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு வாயாகத் திறந்து குடலை எடுப்பது நல்லது; அகலக் கிழித்தால் கம்பியின் கவ்விக்குப் பிடி கிடைக்காமல் கோழி ஆடும். இறக்கை கிழியாமல், கழுத்துத் தோல் கொஞ்சம் மிச்சம் இருந்தால் கட்டுவது எளிது. தீயில் வாட்டி மஞ்சள் பூசித் தரும் வழக்கத்தை அப்படியே ஏற்கலாம். மிச்சமிருக்கும் இறகின் முளைகள் கருகிப்போகும். ஆனால் வாட்டலில் தோல் வெடித்த கோழியை வாங்க வேண்டாம், கொழுப்பு அந்த வெடிப்பின் வழியே ஒழுகிவிடும்.

நாட்டுக்கோழி இங்கே தோற்பதற்குக் காரணம் அதன் ருசியல்ல. ஐந்தாறு மாதம் ஓடித் திரிந்த கோழியின் தொடையில் தசை இறுகிக் கொலாஜன் முதிர்ந்திருக்கும், கொழுப்பும் குறைவு, உடம்பு நீண்டு ஒல்லியாக, மார்பெலும்பு துருத்தி நிற்கும். குழம்பில் அந்தக் கொலாஜன்தான் சாற்றுக்குக் கெட்டியைத் தருகிறது. கம்பியிலோ அது வாரைப்போல இழுபடும். நாட்டுக்கோழிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழியாகத் தேடலாம். அதையும் முதல் முயற்சிக்கு வைத்துக்கொள்ளாமல், பிராய்லரில் கை பழகிய பிறகு எடுப்பதே உசிதம். சேவலையும், முட்டைப் பண்ணையிலிருந்து ஓய்ந்து வரும் லேயர் கோழியையும் குழம்புக்கே விட்டுவிட வேண்டும்.

கறியை எப்போது வாங்குவது என்பது, எதை வாங்குவது என்பதைப் போலவே முக்கியம். மேலைநாட்டுச் சமையல் நூல்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை, காரணம் அங்கே கடைக்கு வரும் கறி ஏற்கெனவே குளிரூட்டி ஓய்ந்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அறுத்த ஆடு எட்டு மணிக்குள் விற்றுத் தீர்ந்து பதினொரு மணிக்கு அடுப்பில் கொதிக்கிறது. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும். மெதுவாகத்தான் மறுபடி தளரும். கோழிக்கு அந்தத் தளர்ச்சி அதே நாளில் வந்துவிடும், ஆட்டுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். விறைத்த நிலையில் சிறு துண்டாக வெட்டிக் குழம்பு வைத்தால் பெரிதாகத் தெரியாது. முழுத் தொடையை அந்த நிலையில் கம்பியில் ஏற்றினால் விறைப்பு அப்படியே பல்லில் தெரியும். அதனால் கோழியை முந்தைய மாலையே வாங்கி இரவு முழுதும் குளிர்பெட்டியில் வைப்பதும், ஆட்டுத்தொடையை ஒரு முழு நாளாவது வைப்பதும் நல்லது. வாங்கியவுடன் உறைபெட்டியில் போடுவது தவறு. விறைப்பு வருமுன் கறி சட்டென்று கடுங்குளிருக்குப் போனால் தசை சுருங்கி நிரந்தரமாகக் கடினமாகிவிடும். சமையல் மேடையில் வெளியே வைத்துத் தளரவிடுவதும் டெல்டாவின் வெக்கையில் நடவாத காரியம்.

அடுத்தது ஆடு. வெள்ளாடா செம்மறியா என்ற வாக்குவாதம் படுகையின் கறிக்கடைகளில் தீராதது. வெள்ளாடுதான் என்று காட்ட வாலை வெட்டாமல் தொங்கவிடுவதும், வாங்குகிறவர் முதலில் வாலைப் பார்ப்பதும் வழக்கம். கம்பியைப் பொறுத்தவரை தீர்ப்பு செம்மறியின் பக்கம். வெள்ளாட்டின் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள், குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றிச் சேர்கிறது. தசைமேல் மெல்லிய படலம்தான். செம்மறிக்குத் தோலுக்கடியில் கொழுப்புப் போர்வை கூடுதல். ஆங்கில நூல்களில் வரும் இரண்டரைக் கிலோ, மூன்று கிலோ ஆட்டுத்தொடையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை போன்ற தமிழகச் செம்மறிகள் கம்பளிக்காக வளர்ப்பவை அல்ல, உடலும் சிறியது. பின்தொடை ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்குள்தான் நிற்கும். அது ஒரு வசதியே; வீட்டு மோட்டாருக்குச் சுமை குறைவு, வேகும் நேரமும் குறைவு.

படுகையில் செம்மறிக்குப் பஞ்சமில்லை. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தைகளை ஓட்டி வருவது பழைய ஏற்பாடு. வயலுக்கு உரம், ஆட்டுக்குத் தாள் மேய்ச்சல். ஆனால் கிடை மந்தையிலிருந்து சந்தைக்கு வருவதில் குட்டி ஈன்று ஓய்ந்த கிழட்டுப் பெட்டைகளும் இருக்கும். உயிரோடு வாங்கினால் பல்லைப் பார்க்க வேண்டும். நிலைப்பல் முதல் சோடி ஒரு வயது கடந்த பிறகே முளைக்கும். பால்பல் மட்டும் இருக்கும் குட்டியே கம்பிக்கு உரியது. கடையில் தொங்கும் ஆட்டுக்குக் கறியின் நிறமும் கொழுப்பின் நிறமும்தான் சாட்சி. இளங்கறி வெளிர்சிவப்பு, கொழுப்பு வெள்ளை. முத்தல் கருஞ்சிவப்பு, கொழுப்பு மஞ்சளடித்துத் தடித்திருக்கும். விரையடிக்காத பெரிய கிடாயின் வீச்சம் குழம்பு மசாலாவில் அடங்கும், கம்பியில் அடங்காது.

தொடையிலும் ஒரு சங்கடம் உண்டு. மேல்பக்கம் பருத்துக் கீழ்ப்பக்கம் கூம்பிப் போவதால் முழங்கால் பக்கம் காய்ந்து நடுப்பகுதி வேகாமல் நிற்கும். எலும்பைக் கழற்றி, கறியை விரித்து உப்பும் மசாலாவும் தடவி, சுருட்டிப் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டினால் உருளை வடிவம் கிடைக்கும். கம்பியும் நடுவில் நேராக நுழையும். நைலான் கயிறு உருகிவிடும். முன்கால் சப்பையில் சவ்வும் கொழுப்பும் அதிகம் என்பதால் சுருட்டிக் கட்டினால் தொடையைவிடச் சுவையாகவே வரும், நேரம் மட்டும் கூடும். இங்கே ‘எலும்பில்லாத கறி’ என்று கேட்டால் கத்தி உடனே சிறு துண்டு போடத் தொடங்கிவிடும். முழுசாக எலும்பு கழற்ற வேண்டும் என்பதைத் தராசில் வைப்பதற்கு முன்பே சொல்லி, கூட்டமில்லாத வாரநாளில் கேட்பது நல்லது. வெள்ளாட்டுத் தொடையே கிடைத்தது என்றால் அதே ஆட்டின் குடலைப் போர்த்தியிருக்கும் வலைபோன்ற கொழுப்புச் சவ்வை வாங்கித் தொடைமேல் சுற்றிக் கட்டலாம். கம்பி சுழலச் சுழல அது உருகிக் கறியை நனைக்கும்.

எவ்வளவு வேக வேண்டும் என்பதில் நூலும் ஊரும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கில் கோழிக்கு 74 டிகிரி. ஆட்டின் முழுத்துண்டுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும். கோழிக் கணக்கில் பேரத்துக்கு இடமில்லை. தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால்தான் அது உறுதியாகும். இளம் பிராய்லரின் எலும்போரம் வெந்த பிறகும் சிவந்திருப்பதுண்டு, நிறத்தை நம்பக் கூடாது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி இறந்ததை அடுத்து மாநிலமெங்கும் கடைகள் சோதிக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. கிரில் சிக்கனோடு மயோனைஸ் கேட்கும் வீடுகள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆட்டில் 63 டிகிரி என்பது உள்ளே இளஞ்சிவப்பாக, இந்தப் பக்கத்து நாக்குக்குப் பச்சைக்கறியாகவே தோன்றும். 75 டிகிரியைத் தாண்டித்தான் இங்கே ‘வெந்தது’ என்பார்கள். அந்த அளவுக்குப் போகும்போது கொழுப்பற்ற வெள்ளாடு காய்ந்துவிடும், செம்மறி தாங்கும்.

வாத்து டெல்டாவின் சொந்தப் பறவை என்று சொல்லும் அளவுக்கு அறுவடை வயல்களில் மந்தை மந்தையாக மேயும், உதிர்ந்த நெல்லும் நத்தையும் தின்னும். கம்பிக்கு வாத்துக்கொழுப்பைவிடச் சிறந்தது அரிது. ஆனால் மேய்ச்சல் மந்தைகள் முட்டைக்காக வளர்க்கப்படுபவை. கறிக்கு வருவது பெரும்பாலும் முட்டை ஓய்ந்த பெட்டைகள். இளம் ஆண் வாத்து கிடைத்தால் மட்டுமே ஏற்ற வேண்டும். தோலை ஊசியால் பல இடத்தில் குத்தி, சதையைத் தொடாமல், கொழுப்புக்கு வழிவிட வேண்டும். கீழே தட்டு வைக்காமல் நேர்த்தீயில் சுழற்றினால் சொட்டும் கொழுப்பு பற்றி எரியும். இரண்டாவது அல்லது மூன்றாவது முயற்சிக்கு உரியது வாத்து.

காடை இதற்கு நேர்மாறு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் காடை போன்ற வகைகளை உருவாக்கிப் பரப்பியதால் பண்ணைக் காடை எங்கும் கிடைக்கிறது. ஒன்று ஏறக்குறைய 200 கிராம், ஐந்தாறு வாரத்தில் வளர்ந்தது, மென்மையானது. நான்கைந்தைக் குறுக்காகக் கோத்தால் எடை தானாகவே சமன்படும். இருபது, இருபத்தைந்து நிமிட வேலை. கொழுப்புக் குறைவு என்பதால் எண்ணெயோ வெண்ணெயோ தடவ வேண்டியிருக்கும். வான்கோழி எடையாலேயே முதல் முயற்சிக்கு வெளியே நிற்கிறது.

மேலைநாட்டு நூல்களில் வரும் மாட்டு விலாக்கறி இங்கே பொருந்தாது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயது கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதென்று சான்று பெற்ற மாட்டையே பொதுவாக அறுக்க இடம் தருகிறது. சந்தைக்கு வருவது முதிர்ந்த, கொழுப்பற்ற கறி, சுக்காவுக்கும் குழம்புக்கும் ஆனது. பன்றியின் தோள்கறி கொழுப்பிலும் மென்மையிலும் கம்பிக்கு எல்லாவற்றையும்விடப் பொருத்தம். நாடாப்புழுப் பயம் இருப்பதால் தெருவில் திரிந்ததாக இல்லாமல் கொட்டில் பண்ணையில் வளர்ந்ததாக இருக்க வேண்டும், நன்றாக வேகவும் வேண்டும். மீன் கம்பியில் நிற்காது. விரால், கொடுவா போன்ற கெட்டிச் சதை மீனையும் கூண்டில் அடைத்தே சுழற்ற முடியும். வயலோரத்தில் கண்ணி வைத்துப் பிடித்து ரகசியமாக விற்கும் மடையான், கொக்கு, காட்டுமுயல் பக்கம் போகவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

எந்தக் கறியாக இருந்தாலும் வாங்குமுன் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள் உண்டு. கிரில்லின் கையேட்டில் மோட்டார் தாங்கும் எடை ஒன்று. கம்பிக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி மற்றொன்று. சுழலும் கறியின் மிகப் பருத்த இடம் எங்கும் உரசாமல் திரும்ப வேண்டும். கோத்த கம்பியின் இரு முனைகளையும் உள்ளங்கைகளில் தளர்வாக ஏந்தினால் கனத்த பக்கம் தானாகக் கீழே திரும்பும். அப்படித் திரும்பினால் உருவி மறுபடி கோக்க வேண்டும், அல்லது எதிர்ப்பக்கம் எடைக்கல் பூட்ட வேண்டும். சமனில்லாத கறி மேலேறும்போது தயங்கி, இறங்கும்போது சடக்கென்று விழும். ஒரு பக்கம் அதிகம் தீய்ந்து, மோட்டாரின் பல்சக்கரமும் தேயும். இரண்டு சிறு கோழிகளை எதிரெதிர்த் திசையில் கால்மாற்றிக் கோத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு கிலோக் கோழி ஒன்றைவிட ஒரு கிலோக் கோழி இரண்டு வாங்குவது அதனால்தான் மேல்.